கருப்பட்டிக்கு ஒரு பதம், பிளாட்டினத்துக்கு ஒரு பதம்

மார்த்தாண்டம் பக்கம் ஒரு கார் ஒர்க்‌ஷாப்பில் போய், புகைக்குழாயில் நச்சுப் புகையை மாற்ற பிளாட்டினம் போன்ற உலோகம் ஏற்றி வைத்திருக்கும் கன்வர்ட்டர் ஏன் கெட்டது என்று கேட்டால் "சூடு தாங்காம போச்சு" என்பார்கள். நாகர்கோவிலில் வேதியியல் முதுகலை படிக்கும் மாணவரிடம் அதே பிளாட்டினத்தைப் பற்றிக் கேட்டால் "500 டிகிரியில சுட்டாத்தான் அது வேலையே செய்யும்" என்பார். ஒருவருக்குச் சூடு எதிரி, இன்னொருவருக்கு மருந்து. இரண்டு பேச்சும் உண்மைதான். ஆனால் எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம், எந்த வாயுவின் நடுவில், பிளாட்டினம் எதன் மேல் உட்கார்ந்திருக்கும்போது என்ற நான்கும் இரண்டிலும் விடுபட்டுப்போகின்றன. அந்த நான்கைச் சொல்லாமல் சூடு நல்லது, சூடு கெட்டது என்று பேசினால் அதற்கு அர்த்தமே இல்லை.

கருப்பட்டிக்கு அக்கானி (பதநீர்) காய்ச்சுகிறவர்களுக்கு இது புதிய செய்தியல்ல. பதம் வருமுன் இறக்கினால் சிரட்டையில் ஊற்றியது கட்டியாகாது. பதம் தாண்டினால் கருகிக் கசக்கும். அடுப்பும் விறகும் அதேதான், பதம்தான் வேறு. பிளாட்டினத்துக்கும் அப்படி ஒரு பதம் இருக்கிறது. அது ஏன் என்று தெரிய, முதலில் பிளாட்டினம் என்ன வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஒட்டும் இடத்துக்கான போட்டி

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூடிய அறையில் ஓடும் ஜெனரேட்டர், காற்றோட்டமில்லாத ரப்பர் ஷீட் புகை அறை, கார் எஞ்சின் என்று எரிபொருள் அரைகுறையாக எரிகிற இடங்களில் எல்லாம் அது பிறக்கும். இரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலாக இறுகப் பற்றிக்கொள்வதால்தான் அது ஆளைக் கொல்கிறது. அதோடு ஆக்சிஜனைச் சேர்த்துவிட்டால் கார்பன் டை ஆக்சைடாகிவிடும். சேர்வதற்கு வேண்டிய ஆற்றலும் தாராளமாக இருக்கிறது. ஒரு மோலுக்கு 283 கிலோஜூல் வெப்பம் வெளிவரும். ஆனாலும் வெறும் காற்றில் அது தானாகப் பற்றிக்கொள்ள 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும். பிளாட்டினம் பக்கத்தில் இருந்தால் 150 முதல் 250 டிகிரியிலேயே வேலை முடிந்துவிடும். இப்படித் தான் தீர்ந்துபோகாமல் வினையை விரைவுபடுத்தும் பொருளுக்கு வினையூக்கி என்று பெயர்.

அது எப்படி நடக்கிறது? வடசேரி பஸ் ஸ்டாண்டிலிருந்து திருவனந்தபுரம் போகும் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். தனியாக வந்தவர்கள் முதலில் ஏறி, ஆளுக்கொரு இரட்டை சீட்டில் உட்கார்ந்துவிடுகிறார்கள். பின்னால் ஏறும் கணவன் மனைவிக்குச் சேர்ந்தாற்போல இரண்டு இடம் வேண்டும். பஸ்ஸில் பாதி இடம் காலியாக இருந்தும் அவர்களுக்கு உட்கார இடமில்லை. பிளாட்டினத்தின் மேற்பரப்பில் கார்பன் மோனாக்சைடு அந்தத் தனிப் பயணி. ஒரு அணுவின் மேல் ஒட்டிக்கொள்ள அதற்கு ஓரிடம் போதும். ஆக்சிஜன் மூலக்கூறோ இரண்டாகப் பிரிந்துதான் வேலைக்கு வரும், அதற்கு அடுத்தடுத்து இரண்டு காலி இடம் வேண்டும். குளிர்ந்த பிளாட்டினத்தில் எல்லா இடத்தையும் கார்பன் மோனாக்சைடே பிடித்துவைத்திருப்பதால் வினை நின்றுகிடக்கும்.

சூடேறினால் தனிப் பயணிகள் சிலர் இறங்குவார்கள், ஆக்சிஜனுக்கு இடம் கிடைக்கும். வினை நடந்தால் இருக்கைகள் மேலும் காலியாகும், வெளிவரும் வெப்பம் இன்னும் சிலரை இறக்கிவிடும். அதனால்தான் வினை மெல்ல மெல்ல ஏறாமல் சட்டென்று பற்றிக்கொள்கிறது. உள்ளே போகும் கார்பன் மோனாக்சைடில் பாதி மாறிவிடும் வெப்பநிலையை லைட்-ஆஃப் வெப்பநிலை என்பார்கள். ஒரு வினையூக்கி நல்லதா கெட்டதா என்று சொல்லும் எண்களில் இதுதான் முதன்மையானது, எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. இந்த இடப்போட்டியை இர்விங் லாங்மியூர் 1922ஆம் ஆண்டிலேயே விளக்கினார். உலோகப் பரப்பில் நடக்கும் இத்தகைய வினைகளை அணு அணுவாக ஆராய்ந்த கெர்ஹார்ட் எர்டிலுக்கு 2007இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

ஒரு கிராமும் மூன்றரை சென்ட்டும்

வினை நடப்பது மேற்பரப்பில் மட்டும். உள்ளே புதைந்த அணுக்களுக்கு வேலையில்லை. ஒரு கிராம் பிளாட்டினத்தை ஒரே கட்டியாக வார்த்தால் பக்கத்துக்கு 3.6 மில்லிமீட்டர் உள்ள சின்னக் கனசதுரம் கிடைக்கும். அதன் மொத்தப் பரப்பு ஒரு சதுர சென்டிமீட்டர்கூட வராது. அதே ஒரு கிராமை 2 நானோமீட்டர் (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) குருணைகளாக உடைத்தால் பரப்பு 140 சதுர மீட்டர். நம்மூர்க் கணக்கில் மூன்றரை சென்ட் நிலம். குருணை 20 நானோமீட்டராகப் பெருத்துவிட்டால் 14 சதுர மீட்டர்தான் மிஞ்சும். ஒரு சென்ட்டில் மூன்றில் ஒரு பங்கு.

மொத்த அணுக்களில் எத்தனை பங்கு மேற்பரப்பில் தெரிகிறது என்பதைப் பரவல் என்கிறோம். 2 நானோமீட்டர் குருணையில் ஏறத்தாழ பாதி அணுக்கள் வெளியே இருக்கும். 20 நானோமீட்டரில் இருபதுக்கு ஒன்றுதான். காசு கொடுத்து வாங்கிய பிளாட்டினத்தில் பத்தொன்பது பங்கு இருட்டில் கிடக்கிறது என்று அர்த்தம்.

இவ்வளவு சிறிய குருணைகள் தனியாக நிற்காது, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதனால் அவற்றைத் துளைகள் நிறைந்த இன்னொரு பொருளின் மேல் தூவி வைக்கிறார்கள். அதுதான் தாங்கி. காமா அலுமினா என்ற அலுமினியம் ஆக்சைடு மிகப் பழக்கமான தாங்கி. அதில் ஒரு கிராமுக்குள்ளேயே 150 முதல் 200 சதுர மீட்டர், அதாவது நாலைந்து சென்ட் பரப்பு இருக்கும். எடையில் ஒரு சதவீதம் பிளாட்டினம் ஏற்றினால் அது அந்தப் பரப்பில் நூற்றில் ஒரு பங்கைக்கூட மூடாது. குருணைகள் தள்ளித் தள்ளி நிற்கின்றன, அந்த இடைவெளிதான் அவற்றைக் காப்பாற்றுகிறது.

இதுவரை வந்தது இதுதான்: பிளாட்டினம் தன் மேற்பரப்பால் வேலை செய்கிறது, சிறிய குருணைகளாக இருந்தால் மேற்பரப்பு கூடும், தாங்கி அவற்றைப் பிரித்து வைக்கிறது. சூடு இந்த மூன்றிலும் கைவைக்கும்.

சூடு இல்லாமல் வினையூக்கி பிறக்காது

ஆய்வகத்தில் 5 கிராம் வினையூக்கி செய்வதாக வைத்துக்கொள்வோம். 5 கிராம் காமா அலுமினாத் தூளை 500 டிகிரியில் 4 மணி நேரம் வைத்து ஈரத்தை விரட்ட வேண்டும். அதன் துளைகள் கிராமுக்கு அரை மில்லிலிட்டர் நீர் பிடிக்கும் என்றால், மொத்தம் 2.5 மில்லிலிட்டர் நீர் போதும். அதில் 0.13 கிராம் குளோரோபிளாட்டினிக் அமில உப்பைக் கரைத்தால் 0.05 கிராம் பிளாட்டினம் கிடைக்கும், அது ஒரு சதவீதத்துக்குச் சரி. சொட்டுச் சொட்டாக விட்டுக் கிளற வேண்டும். தூள் புட்டுக்கு விரவிய மாவு மாதிரி உதிர்ந்து நிற்க வேண்டும். சேறாகிவிட்டால் நீர் கூடிவிட்டது. மிஞ்சிய கரைசல் வெளியே காய்ந்து அங்கேயே தடித்த பிளாட்டினமாகப் படியும். இந்த உப்பு ஆஸ்துமா போன்ற கடுமையான ஒவ்வாமையை வரவழைக்கும். கையுறையும் புகைபோக்கிக் கூண்டும் இல்லாமல் இதைத் தொடவே கூடாது.

பிறகு மூன்று சூடுகள் வரும்.

முதல் சூடு காயவைப்பது. 110 டிகிரியில் ஓர் இரவு. ரப்பர் ஷீட்டைப் புகை அறையில் ஏற்றிய முதல் நாளே தீயைக் கூட்டினால் என்ன ஆகும் என்று இந்த மாவட்டத்தில் பலருக்கும் தெரியும். உள்ளே நிற்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் ஷீட்டில் குமிழ் விழும். இங்கேயும் அவசரம் ஆகாது. ஈரத்தோடு நேராக உலையில் ஏற்றினால் துளைக்குள் நீர் கொதித்து உப்பை ஒரு பக்கமாக ஒதுக்கிவிடும். ஓரிடத்தில் குவியும், ஓரிடத்தில் ஒன்றுமே இருக்காது.

இரண்டாவது, காற்றில் சுடுவது. ஆய்வகத்தில் இதைக் கால்சினேஷன் என்பார்கள். நிமிடத்துக்கு 2 முதல் 5 டிகிரி வீதம் ஏற்றி 450–500 டிகிரியில் 4 மணி நேரம். உப்பு சிதைந்து, குளோரினில் ஒரு பகுதி வெளியேறி, பிளாட்டினம் தாங்கியோடு பிடிப்பு கொள்வது இங்கேதான். பலர் கோட்டை விடுவதும் இங்கேதான். ஆழமான மூசையில் தூளைக் குவித்து, காற்று ஓடாத உலையில் மூடிவைத்தால் நீராவியும் அமில ஆவியும் தூளுக்குள்ளேயே தங்கி வேலையைக் கெடுக்கும். தூளை மெல்லிய படுகையாகப் பரப்பி அதன் மேல் காற்றை ஓடவிட வேண்டும். அலுமினாவில் குளோரின் அதிகம் தங்கிவிட்டால் கார்பன் மோனாக்சைடு வினை மந்தமாகும். அதையும் "சூடு போதவில்லை" என்று தப்பாகப் படிப்பவர்கள் உண்டு.

மூன்றாவது ஒடுக்கம், அதாவது ஆக்சிஜனோடும் குளோரினோடும் சேர்ந்து நிற்கும் பிளாட்டினத்தைத் திரும்பவும் உலோகமாக்குவது. நைட்ரஜனில் 5 சதவீதம் ஹைட்ரஜன் கலந்து, 300–400 டிகிரியில் 2 மணி நேரம். காற்றிலிருந்து ஹைட்ரஜனுக்கு நேராக மாறவே கூடாது. பிளாட்டினம் இருக்கும் இடத்தில் அந்தக் கலவை பற்றிக்கொள்ளும். நடுவே நைட்ரஜனை விட்டுக் குழாயைக் கழுவ வேண்டும். முடிந்ததும் நைட்ரஜனிலேயே ஆறவிட்டு, கடைசியில் ஒரு சதவீத ஆக்சிஜனை மெதுவாகக் காட்ட வேண்டும். சூடு ஆறாத தூளைச் சட்டென்று காற்றில் திறந்தால் அது தானாகவே சூடேறும், இவ்வளவு நேரம் காத்த பரவல் அந்த ஒரு நிமிடத்தில் குறைந்துவிடும்.

உருகாமலே நகரும் பிளாட்டினம்

பிளாட்டினத்தின் உருகுநிலை 1768 டிகிரி. அதனால் 700, 800 டிகிரி அதை ஒன்றும் செய்யாது என்று நினைப்பதுதான் இந்த விஷயத்தில் மிகப் பெரிய தவறான எண்ணம். உலோக அணுக்கள் உருகுவதற்கு வெகுமுன்பே நகரத் தொடங்கும். உருகுநிலையைக் கெல்வினில் எழுதி அதில் பத்தில் மூன்று பங்கை எடுத்தால் மேற்பரப்பு அணுக்கள் நகரத் தொடங்கும் தோராய எல்லை வரும். பிளாட்டினத்துக்கு அது சுமார் 340 டிகிரி செல்சியஸ். பாதியை எடுத்தால் உள் அணுக்களும் இளகும் எல்லை, சுமார் 750. நானோ குருணைகளுக்கு இந்த எல்லைகள் இன்னும் கீழே இறங்கும்.

நகரும் குருணைகள் இரண்டு வழியில் பெரிதாகின்றன. மீன் குழம்பின் மேல் மிதக்கும் எண்ணெய்த் துளிகளைப் பாருங்கள். இரண்டு துளி நெருங்கித் தொட்டதும் ஒரே துளியாகிவிடும். தாங்கியின் மேல் குருணைகளும் அப்படி முழுசாக நகர்ந்து முட்டி ஒன்றாகும். இன்னொரு வழிக்கு ஐப்பசி மழையில் உப்பு ஜாடியைத் திறந்து பாருங்கள். பொடி உப்பெல்லாம் ஈரத்தில் கரைந்து பெரிய கட்டிகளோடு சேர்ந்திருக்கும். சிறியது கரையும், பெரியது வளரும். பிளாட்டினத்திலும் சிறு குருணையிலிருந்து அணுக்கள் தனித்தனியாகக் கழன்று, பயணப்பட்டு, பெரிய குருணையில் சேர்கின்றன. இரண்டையும் சேர்த்துச் சிண்டரிங் என்பார்கள்.

இங்கே வாயுதான் முக்கியம். இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. 800 டிகிரிக் காற்றில் பிளாட்டினம் ஆக்சிஜனோடு சேர்ந்து பிளாட்டினம் டை ஆக்சைடு ஆவியாகப் பறக்கும். உப்பு ஜாடியில் ஈரம் செய்த வேலையை உலையில் ஆக்சிஜன் செய்கிறது. அலுமினா மேல் 2 நானோமீட்டராக இருந்த குருணைகள் சில மணி நேரத்தில் பத்துக்கணக்கான நானோமீட்டருக்குப் பெருத்துவிடும். அதே வெப்பநிலையில் ஆக்சிஜன் இல்லாவிட்டால் இந்த ஆவி வழி அடைபடும், சேதமும் பொதுவாகக் குறையும். நேரத்தைப் பொறுத்தவரை, சேதத்தின் பெரும்பகுதி தொடக்கத்திலேயே நடந்துவிடும். சிறு குருணைகள் தீர்ந்ததும் வேகம் தணியும்.

ஒரு சின்னத் திருப்பமும் உண்டு. ஆக்சிஜன் மிகுந்த வாயுவில் மிக நுண்ணிய குருணைகள் எளிதில் ஆக்சைடாகி மந்தமாகும். அந்த நிலையில் லேசான சூட்டில் குருணை சற்றே வளர்ந்தால், மேலே தெரியும் ஒவ்வோர் அணுவின் சுறுசுறுப்பும் கூடலாம். "எவ்வளவு சிறிதோ அவ்வளவு நல்லது" என்பதும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டிய விதியல்ல.

தாங்கியும் சும்மா இருப்பதில்லை

அலுமினாவை 1000 டிகிரி தாண்டி வைத்தால் அது ஆல்ஃபா அலுமினாவாக மாறும். பரப்பு கிராமுக்கு 10 சதுர மீட்டருக்கும் கீழே விழும். சூடுபட்டு மெழுகு இளகிய தேனடையில் அறைகள் சரிந்து தேன் அதற்குள்ளேயே மாட்டிக்கொள்வது போல, சரியும் துளைகளுக்குள் பிளாட்டினம் புதைந்துபோகும். லாந்தனம் கொஞ்சம் சேர்த்தால் இந்தச் சரிவு தள்ளிப்போகும்.

டைட்டானியம் ஆக்சைடு, சீரியம் ஆக்சைடு என்று வேறு இரண்டு தாங்கிகளும் உண்டு. அவற்றுக்கு மூலமான கனிமங்கள் நம் கடற்கரையிலேயே கிடக்கின்றன. மணவாளக்குறிச்சி மணலில் இல்மனைட், ரூட்டைல், சிர்க்கான், மோனசைட் எல்லாம் உண்டு. இங்கிருந்து ஜெர்மனிக்குப் போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில்தான் 1909இல் ஷோம்பர்க் என்ற வேதியியலாளர் மோனசைட்டைக் கண்டார். இல்மனைட்டும் ரூட்டைலும் டைட்டானியத்தின் கனிமங்கள். மோனசைட்டில் சீரியமும் லாந்தனமும் இருக்கின்றன.

டைட்டானியம் ஆக்சைடு மேல் உள்ள பிளாட்டினத்தை ஹைட்ரஜனில் 200 டிகிரியில் ஒடுக்கினால் அது கார்பன் மோனாக்சைடை நன்றாகப் பிடிக்கும். 500 டிகிரியில் ஒடுக்கினால் பிடிப்பது அநேகமாக நின்றுவிடும், குருணைகள் பெரிதாகாமலேயே. 1978இல் அமெரிக்காவில் எக்ஸான் ஆய்வகத்தின் டாஸ்டரும் உடன் பணியாற்றியவர்களும் இதை வெளியிட்டார்கள். காய்ச்சிய பாலின் மேல் ஆடை படிவதுபோல, ஆக்சிஜன் இழந்த டைட்டானியம் ஆக்சைடு பிளாட்டினத்தின் மேல் ஏறி மூடிக்கொள்கிறது என்பதுதான் காரணம். காற்றில் மறுபடி சுட்டால் ஆடை விலகும். சூட்டால் செத்ததுபோலத் தெரிந்தது வேறொரு சூட்டால் திரும்பி வருகிறது.

சீரியம் ஆக்சைடு இன்னும் ஆச்சரியமானது. அலுமினா மேல் ஏற்றிய பிளாட்டினத்தோடு சீரியம் ஆக்சைடுத் தூளைக் கலந்து 800 டிகிரிக் காற்றில் வைத்தால், பறக்கும் பிளாட்டின ஆவியைச் சீரியம் ஆக்சைடின் விளிம்புகள் பிடித்து ஒற்றை ஒற்றை அணுக்களாக நிறுத்தி வைக்கின்றன. நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தின் அபய தாத்யே குழுவினர் 2016இல் சயின்ஸ் இதழில் இதைக் காட்டினார்கள். அலுமினாவில் பரவலை அழித்த அதே சூடு இங்கே அதை உண்டாக்குகிறது. ஆனால் இறுகப் பிடிபட்ட அந்த அணுக்கள் குறைந்த வெப்பநிலையில் சோம்பலாகவே இருக்கும். 300 டிகிரிக்கு அருகில் ஹைட்ரஜனிலோ கார்பன் மோனாக்சைடிலோ ஒடுக்கினால் சின்னச் சின்னக் கொத்துகளாகி விழித்துக்கொள்ளும். 750 டிகிரி நீராவியில் வைத்தும் அவற்றைத் தூண்ட முடியும் என்று 2017இல் தெரியவந்தது, 150 டிகிரி வாக்கிலேயே கார்பன் மோனாக்சைடு முழுதும் மாறியது.

சுருக்கமாக: 800 டிகிரிக் காற்று அலுமினா மேல் நாசம், சீரியம் ஆக்சைடு மேல் பாதுகாப்பு. 500 டிகிரி ஹைட்ரஜன் அலுமினாவில் பெரிதாகப் பாதிக்காது, டைட்டானியம் ஆக்சைடில் கண்ணை மூடிவிடும்.

அளக்கும்போது வரும் ஏமாற்றங்கள்

எக்ஸ்ஆர்டி எனப்படும் எக்ஸ் கதிர் ஆய்வில் வரைபடத்தில் பிளாட்டினத்தின் முகடு 39.8 டிகிரிக்கு அருகில் வரும் (இங்கே டிகிரி என்பது கோணம், சூடு அல்ல). சுட்ட பிறகு அது கூர்மையானால் குருணை பெருத்தது என்று அர்த்தம். முகடே தெரியவில்லை என்றால் பிளாட்டினம் இல்லை என்று அர்த்தமல்ல. 3 நானோமீட்டருக்குக் கீழ்ப்பட்டது அந்தக் கருவிக்குச் சரியாகத் தெரியாது. சிறிதும் பெரிதும் கலந்திருந்தால் பெரியது மட்டும் பேசும். கார்பன் மோனாக்சைடை ஒட்டவைத்துப் பரவலை எண்ணுவது அலுமினாவில் நம்பகமானது. சீரியம் ஆக்சைடு தானும் கார்பன் மோனாக்சைடை வாங்கிக்கொள்ளும் என்பதால் அங்கே எண்ணிக்கை கூடுதலாகக் காட்டும்.

லைட்-ஆஃப் சோதனையை ஒருமுறை ஓட்டி நிறுத்தக் கூடாது. சோதனையே ஒரு சூடு. முதல் ஓட்டத்துக்கும் இரண்டாவதுக்கும் வித்தியாசம் இருந்தால், வினையூக்கி நம் கண்முன்னேயே மாறிக்கொண்டிருக்கிறது. இரண்டு வினையூக்கிகளின் சுறுசுறுப்பை ஒப்பிட, கார்பன் மோனாக்சைடில் 15 சதவீதத்துக்குள் மட்டும் மாறும் இடத்தில்தான் ஒப்பிட வேண்டும். இரண்டும் 100 சதவீதம் காட்டும் இடத்தில் நல்லதும் சுமாரானதும் ஒன்றுபோலத்தான் இருக்கும். உலையின் திரையில் தெரியும் எண்ணையும் நம்பிவிடக் கூடாது. வெப்பமானியின் முனை தூளைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்பினால்

கார் கன்வர்ட்டருக்குள் இருப்பது கார்டியரைட் என்ற பீங்கான் தேனடை. அதன் சுவரில் அலுமினாவும் சீரியம்–சிர்க்கோனியம் ஆக்சைடும் பூசி, அதன் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகியவற்றில் தேவையானதை ஏற்றியிருப்பார்கள். பெட்ரோல் காரில் பல்லேடியமும் ரோடியமும் முன்னிற்கும். டீசல் வண்டியின் ஆக்சிஜனேற்ற வினையூக்கியில்தான் பிளாட்டினத்துக்குப் பெரிய பங்கு. பல்லேடியத்தைச் சேர்த்தால் பிளாட்டினம் ஆவியாகி ஓடுவது குறையும் என்பதால் அங்கேயும் இரண்டையும் கலந்தே ஏற்றுகிறார்கள்.

வழக்கமான ஓட்டத்தில் வரும் சூடு கன்வர்ட்டரை ஒரே நாளில் கொல்லாது. கொல்வது மிஸ்ஃபயர். ஸ்பார்க் பிளக்கோ இக்னிஷன் காயிலோ பழுதாகி ஒரு சிலிண்டரில் தீப்பற்றாவிட்டால், எரியாத பெட்ரோலும் எரியாத காற்றும் சேர்ந்தே கன்வர்ட்டருக்குள் போய் அங்கே எரியும். 1000 டிகிரியை அது சில நிமிடங்களில் தாண்டிவிடும். அலுமினா சரிவதும் உலோகம் பெருப்பதும் அங்கே ஒன்றாக நடக்கும். கன்வர்ட்டரை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய காயிலோடு வண்டியை அனுப்பினால் புதியதும் அதே வழியில் போகும். டேஷ்போர்டில் எஞ்சின் விளக்கு நிலையாக எரிந்தால் கவனித்து ஒர்க்‌ஷாப்புக்குப் போகலாம். அது விட்டு விட்டு மின்னினால், கன்வர்ட்டரை எரிக்கும் அளவுக்கு மிஸ்ஃபயர் நடந்துகொண்டிருக்கிறது. ஆக்சிலேட்டரை விட்டு, வண்டியை ஓரம் கட்டி, எஞ்சினை அணைத்துவிட வேண்டும்.